மூன்று மிஸ்டு கால்

கருங்கல்
14.1.2010

விக்டோரியாவுக்கு,

சுகம் விசாரித்து எழுதும் கடிதம் இல்லை இது. உன் நம்பர் வந்தால் போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கவும் மனம் இல்லை. அதனால் தபாலில் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் பிறகு நீயும் மாற்றிப் பேச முடியாது, நானும் மாற்றிப் பேச முடியாது.

போன வெள்ளிக்கிழமை கருங்கல் சந்தையில், மீன் கூடைகளுக்கு நடுவில் நின்று என்னைக் கைநீட்டி, "டீசல் கள்ளன் போறான் பாருங்க, எனக்க மாப்பிளைக்க உசிர வித்துத் தின்னவன் போறான்" என்று கத்தினாய். இருபது வருடமாக என் வீட்டு வாசலில் மீன் இறக்குகிறவள் நீ. உன் மகளின் புதுநன்மை விருந்துக்கு ஒரு குலை நேந்திரன் வாழை தூக்கி வந்தவன் நான். அன்று சந்தையில் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வாங்கின மரச்சீனிக் கிழங்கை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சத்தம் போட்டதோடு விட்டாயா? கம்பெனிக்கு மனுவும் எழுதிக் கொடுத்தாய். திங்கட்கிழமை சூப்பர்வைசர் ஞானதாசன் வந்து, "விசாரணை முடியது வரை டவர் பக்கம் வரண்டாம்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஐந்து வருடமாக அந்த செல்போன் டவருக்குக் காவல் நான். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடுவேன், டீசல் ஊற்றுவேன், எத்தனை மணிக்குப் போட்டேன், எத்தனை மணிக்கு நிறுத்தினேன் என்று நோட்டில் எழுதி வைப்பேன். இந்த ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட எழுதாமல் இருந்ததில்லை.

இன்று காலை அந்தச் சாவி உன் தம்பி யோவான் கையில் இருந்ததை என் மனைவி செல்லத்தாய் பார்த்திருக்கிறாள். என்னை வெளியே அனுப்பி மூன்று நாள் ஆகிறது, அதற்குள் உன் தம்பிக்கு வேலை. எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்க ஊரில் ஆள் இருக்கிறது.

இன்று பொங்கல். வீட்டில் பானை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். நான் கள்ளன் இல்லை என்று உன் கைப்பட எழுதி கம்பெனிக்கு அனுப்பு.

தாணுலிங்கம்

&nbsp;

இனயம்
18.1.2010

டவர் காவல் தாணுலிங்கம் அவர்களுக்கு,

அண்ணன் என்று எழுத கை வரவில்லை. உங்களுக்கு மானம் போயிற்று, பெரிய விஷயம்தான். எனக்குப் போக இருந்தது என்ன என்று நானும் எழுத்தில் வைக்கிறேன்.

எங்கள் கரையில் பதினெட்டு வள்ளம். கடலுக்குப் போகிற எவனும் போனில் பேசமாட்டான், மிஸ்டு கால்தான். ஒரு தடவை அடித்துக் கட் பண்ணினால் வழக்கம்போல வந்துகொண்டிருக்கிறான். இரண்டு தடவை என்றால் நல்ல மீன்பாடு, ஐஸும் ஆளும் ஏற்பாடு செய். மூன்று தடவை என்றால் எஞ்சின் போச்சு, வேறு வள்ளம் அனுப்பு. இந்த ஏற்பாட்டைச் செய்தது நான். பைசா செலவில்லை, காரியமும் நடக்கும். நாலு வருடமாக ஒரு குறை வந்ததில்லை.

டிசம்பரில்தான் வந்தது. மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை எந்த வள்ளத்திலிருந்தும் மணி அடிக்கவில்லை. முதலில் என் போன் கெட்டுவிட்டதென்று நினைத்து போனையே மாற்றினேன். ஜனவரி ஐந்தாம் தேதி எனக்குத் தாலி கட்டின மாப்பிள்ளை சிலுவையும் கூட்டாளி யேசுரத்தினமும் போன வள்ளத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. அப்போது மணி பன்னிரண்டேகால். மூன்று தடவை அடித்திருக்கிறார். கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று. சார்ஜ் தீருகிற வரை அடித்தார் என்று யேசுரத்தினம் சொல்கிறான். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு கரையில்தான் இருந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. நீரோட்டம் வள்ளத்தைத் தெற்கே இழுத்துப் போய்விட்டது. மறுநாள் காலையில் தேங்காப்பட்டினத்து போட் ஒன்று கண்டு கட்டி இழுத்து வந்தது. அவருடைய வலது உள்ளங்கையைக் கயிறு அறுத்திருந்தது. வந்த நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைத்தால் தின்கிறார், எழுந்து போகிறார்.

பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் தினமும் கரண்ட் கட். அந்த இரண்டு மணி நேரம் டவரை ஓட்ட வேண்டியவர் நீங்கள். அப்படியென்றால் டீசல் எங்கே போகிறது? உங்கள் வீட்டுப் பின்பக்கம் புது நீல பேரல் ஒன்று நிற்கிறதே, அது என்ன? குளச்சல் மீன் வியாபாரி ஜான்ரோஸின் லாரி டவர் மேட்டில் நின்றதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். லாரிக்கு அங்கே என்ன வேலை?

யோவானுக்கு வேலை கேட்டு நான் யார் காலிலும் விழவில்லை. ஞானதாசன் சாரே கூப்பிட்டுக் கொடுத்தது. நம்பினால் நம்புங்கள்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறவர்தானே? ஐந்தாம் தேதியில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று காட்டுங்கள். பிறகு என் கைப்பட எழுதுவதைப் பற்றிப் பேசலாம்.

விக்டோரியா

&nbsp;

கருங்கல்
24.1.2010

விக்டோரியாவுக்கு,

சிலுவைக்கு வந்த ஆபத்தை நினைத்து எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதே. அவர் கை ஆறிவிட்டதா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் நீ என்னைக் கேட்க விடவில்லை.

நீல பேரலில் தண்ணீர் இருக்கிறது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க எப்போது வேண்டுமானாலும் வா. ஜான்ரோஸ் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு நின்றான், குடம் எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தது குற்றம் என்றால் அதையும் மனுவில் சேர்த்துக்கொள்.

இனி நான் கேட்கிறேன். அதே ஐந்தாம் தேதி மதியம், பன்னிரண்டு நாற்பதுக்கு, நீ கரையிலிருந்து செல்லத்தாய்க்குப் போன் பண்ணினாய். சனிக்கிழமை நெய்மீன் வேண்டுமா என்று கேட்டு நாலு நிமிடம் பேசினாய். அவள் போனில் இன்னும் அந்த நம்பரும் நேரமும் இருக்கிறது. ஜெனரேட்டர் ஓடாமல் டீசலை நான் விற்றுத் தின்றிருந்தால் நீ எதில் பேசினாய்? காற்றிலா?

நோட்டைக் காட்டு என்கிறாய். ஜெனரேட்டர் நேரம் எழுதுகிற கம்பெனி ரெஜிஸ்டர் ஞானதாசன் கையில் இருக்கிறது, போய்ப் பார். என்னிடம் இருப்பது என் சொந்த நோட்டு. அதை நான் யாருக்கும் காட்டுவதாக இல்லை.

தாணுலிங்கம்

&nbsp;

இனயம்
31.1.2010

தாணுலிங்கம் அவர்களுக்கு,

செல்லத்தாய் அக்காவோடு பேசினது உண்மை. நீங்கள் எழுதின பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்று முழுக்க என் போனில் சிக்னல் நிறைய இருந்தது. அதை நினைத்து இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

நீங்கள் டவரை விட்டுப் போன பிறகும் இந்தக் கோளாறு நிற்கவில்லை. யோவான் பன்னிரண்டு மணிக்கு ஜெனரேட்டரைப் போடுகிறான். கரையில் எல்லார் போனிலும் சிக்னல் இருக்கிறது, கடலில் மட்டும் செத்துப்போகிறது. என் தம்பியையே நான் சந்தேகப்பட்டேன், தெரியுமா? சொல்லாமல் கொள்ளாமல் டவர் மேட்டுக்குப் போய் டீசல் டேங்கில் கம்பை விட்டு அளந்து பார்த்தேன். "ஏக்கா, என்னையும் கள்ளனாக்கப் போறியா?" என்று அவன் அழாத குறை. டீசல் சரியாக இருந்தது.

அப்படியானால் யாரோ கடலை மட்டும் அணைக்கிறார்கள். கடலை மட்டும் அணைத்தால் யாருக்கு லாபம்? வள்ளத்தில் என்ன மீன் வருகிறதென்று கரைக்குத் தெரியாவிட்டால் நான் வியாபாரிகளைக் கூட்ட முடியாது. லாரியோடு நிற்கிற ஜான்ரோஸ் ஒருவனே சொன்ன விலைக்கு எடுப்பான். டிசம்பரிலிருந்து அப்படித்தான் எடுக்கிறான். அவனுக்கு ஒரு குடம் தண்ணீர் மட்டும்தான் கொடுத்தீர்களா? சாவியைக் கொடுக்கும் முன் டவர் மெசின் பெட்டிக்குள் எதையாவது திருகி வைத்தீர்களா?

கம்பெனிக்கு ஒரு நோட்டு, வீட்டுக்கு ஒரு நோட்டு. இரண்டு நோட்டு வைக்கிறவனை எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வீட்டில் அவர் இன்னும் பேசவில்லை. கை ஆறிவிட்டது, கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். போகும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவருக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியாமல் தவிக்கிறேன். உங்களிடம் இதைச் சொல்லி என்ன பயன்?

விக்டோரியா

&nbsp;

கருங்கல்
8.2.2010

விக்டோரியாவுக்கு,

முதலில் கள்ளன் என்றாய். இப்போது மந்திரவாதி என்கிறாய். வீட்டில் இருந்துகொண்டு கடலை அணைக்கிற வித்தை எனக்குத் தெரிந்திருந்தால் இந்த வயதில் டீசல் கேனைச் சுமந்துகொண்டு மேடு ஏறியிருப்பேனா?

நான் இப்போது சந்தைக்குப் போவதில்லை. செல்லத்தாய் போகிறாள், மீன் பக்கம் மட்டும் போவதில்லை. போன வாரம் டீக்கடைக்காரன் எனக்கு டீயை வைத்துவிட்டு, "அண்ணாச்சி, வண்டிக்குக் கொஞ்சம் டீசல் கெடைக்குமா?" என்று கேட்டுச் சிரித்தான். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாகிவிட்டது. அந்தச் சிரிப்புக்காக உன்னை மன்னிக்க மாட்டேன்.

உனக்கு ஒரு வழி சொல்கிறேன், உனக்காக இல்லை, என் பெயருக்காக. டிசம்பர் ஒன்றாம் தேதி கம்பெனி ஆபீசிலிருந்து ஜிஷா என்று ஒரு பெண் லேப்டாப்போடு வந்து அரை நாள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஏதோ புதிதாகப் போட்டுவிட்டுப் போனாள். என்ன போட்டாய் என்று அவளைக் கேள். என்னைக் கேட்காதே.

தாணுலிங்கம்

&nbsp;

இனயம்
17.2.2010

தாணுலிங்கம் அண்ணனுக்கு,

இன்று சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் பொய் எழுத முடியாது.

ஜிஷாவைப் பார்க்க நாகர்கோவில் ஆபீசுக்குப் போனேன். முதல் நாள் உள்ளே விடவில்லை. இரண்டாம் நாள் மீன் கூடையோடு வாசலில் உட்கார்ந்தேன், வாடைக்குப் பயந்து கூப்பிட்டுவிட்டார்கள். குழித்துறைக்காரப் பெண், நம் பேச்சுதான். கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

நம் டவர் மூன்று பக்கம் பார்க்கிறதாம். ஒன்று கருங்கல் பக்கம், ஒன்று கரை, ஒன்று கடல். கரண்ட் இல்லாத நேரத்தில் டீசலை மிச்சம் பிடிக்க கம்பெனி ஒரு நேர அட்டவணை போட்டிருக்கிறது. எந்தப் பக்கத்தில் எந்த நேரத்தில் யாரும் பேசுவதில்லையோ, அந்தப் பக்கத்தை அந்த நேரத்தில் மெசின் தானாகவே அணைத்துவிடும். ஆள் இல்லாத அறையில் ஃபேனை நிறுத்துகிற மாதிரி என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பதினெட்டு வள்ளத்துல முப்பத்தாறு பேரு கெடக்கியானுவ, ஆளில்லியா ஏட்டி?" என்றேன்.

"எனக்கு எப்பிடி அக்கா தெரியும்? நவம்பர் மாசம் முழுக்க கடல் பக்கம் பன்னெண்டுல இருந்து ரண்டு வர பேசுன நிமிசம் சைபருல்லா கெடக்கு."

"அவனுவ மிஸ்டு காலுல்லா குடுத்தானுவ."

"மிஸ்டு கால மெசின் எண்ணாது அக்கா. எடுத்துப் பேசினாத்தான் எண்ணும்."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவள் சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. மிஸ்டு கால் சட்டம் போட்டது யார்? நான். வள்ளம் வள்ளமாகப் போய், பேசாதே, பேசினால் காசு போகும் என்று மிரட்டி வைத்தது யார்? நான்தான். இப்போது ஒரு செகண்டுக்கு ஒரு பைசா என்று வந்த பிறகும் பழைய பயத்தில் எவனையும் வாய் திறக்க விடவில்லை. கடலில் ஆளே இல்லை என்று அந்த மெசினுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான் அண்ணே. டவரில் டீசல் மிச்சம், ஆனால் இல்லாத சிக்னலைத் தேடித் தேடி என் மாப்பிள்ளையின் போனில் சார்ஜ் தீர்ந்திருக்கிறது. அதையும் அந்தப் பெண்தான் சொன்னாள்.

நீங்கள் டீசல் எடுக்கவில்லை. ஜான்ரோஸோடு சேரவும் இல்லை. கம்பெனிக்கு அனுப்ப என் கைப்பட எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்துவிட்டு நீங்களே அனுப்புங்கள். இடையில் யாரும் மாற்றிவிட்டார்கள் என்று பிறகு சந்தேகம் வேண்டாம்.

ஜிஷா ஒரு வாரம் கடல் பக்கத்தை அணையாமல் திறந்து வைக்கிறேன் என்றிருக்கிறாள். மார்ச் ஒன்று முதல் ஏழு வரை. அந்த நேரத்தில் ஆட்கள் பேசினதாகக் கணக்கு வந்தால் மெசின் பிறகு அணைக்காது. இல்லாவிட்டால் மறுபடி தூங்கிவிடுமாம்.

விக்டோரியா

&nbsp;

கருங்கல்
22.2.2010

விக்டோரியாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உள்ளே வைத்திருந்ததையும் படித்தேன். அதைக் கம்பெனிக்கு அனுப்பவில்லை, திருப்பி உனக்கே அனுப்பியிருக்கிறேன்.

கள்ளன் என்று சொன்னது சந்தையில். இல்லை என்று சொல்வது கவரில் ஒட்டின கடிதத்திலா? கம்பெனிக்காரன் படித்து ஃபைலில் போடுவான், டீக்கடைக்காரன் படிப்பானா? எந்த இடத்தில் நின்று சொன்னாயோ அந்த இடத்தில் நின்று சொல். எந்தக் குரலில் சொன்னாயோ அதே குரலில் சொல். சந்தை கூடியிருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்.

இன்னொன்று. அந்தப் பெண் சொன்னதை நீ அப்படியே நம்பிவிட்டாய். கம்பெனி தன் தப்பை உன் தலையில் கட்டுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒரு வாரம் திறந்து வைப்பாள் என்பதற்கு எழுத்தில் ஏதாவது வாங்கினாயா? வாங்கியிருக்க மாட்டாய்.

தாணுலிங்கம்

&nbsp;

இனயம்
9.3.2010

தாணுலிங்கம் அண்ணனுக்கு,

எழுத்தில் வாங்கவில்லை. ஆனால் அந்தப் பெண் சொன்ன சொல் தவறவில்லை. மார்ச் ஒன்றாம் தேதி பன்னிரண்டு மணிக்குக் கடலில் சிக்னல் இருந்தது.

சிக்னல் வந்துவிட்டது, பேச ஆள் வரவில்லை. முதல் நாள் வந்த போனையெல்லாம் எடுத்தால், "ஆங், வரியேன்" என்று சொல்லிக் கட் பண்ணிவிடுகிறார்கள். நாலு வருடம் நான் பழக்கிய பழக்கம். "லேய், பத்து நிமிசம் பேசுங்கல" என்று கரையில் நின்று கத்தினால், "என்னத்தப் பேசதுக்கு?" என்று கேட்கிறான் யேசுரத்தினம். பெண்டாட்டியிடம் பத்து நிமிடம் பேச ஒருவனுக்கும் விஷயம் இல்லை. இரண்டாம் நாள்தான் எனக்கு யோசனை வந்தது. தவக்காலம்தானே, ஜெபமாலை சொல்லுங்கள் என்றேன். கடலில் அவர்கள் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்க, கரையில் நாங்கள் போனைக் காதில் வைத்து மீதியைச் சொல்ல, மாலையின் ஐந்து பத்துமணிச் சுற்றும் முடிய பதினைந்து நிமிடம். பதினெட்டு வள்ளத்திலும் சனிக்கிழமை வரை ஐந்து நாள் சொன்னார்கள். ஜிஷா போனில் கூப்பிட்டு, "அக்கா, கடல் பக்கம் திடீர்னு இவ்வளவு பேச்சு, ஆபீசுல எல்லாரும் நம்பாம பாக்காவ" என்று சிரித்தாள். மெசின் இனி அணைக்காது. அட்டவணையிலிருந்து கடலை எடுத்துவிட்டது.

என் வீட்டுக்காரரும் சொன்னார். ஜெபமாலை மட்டும், வேறு பேச்சு இல்லை. வியாழக்கிழமை மாலையின் கடைசி மணி முடிந்த பிறகு அவர் கட் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. கடல் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார், "அண்ணைக்கு மூணு தடவ அடிச்சேன். நீ கண்டும் ஏன் ஆள விடல்ல?"

அண்ணே, மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. போனில் சிக்னல் இல்லை என்று இங்கிலீஷில் எழுதி வந்தால் அவருக்கு என்ன தெரியும்? அடித்ததெல்லாம் எனக்கு வந்தது என்றே நினைத்திருக்கிறார். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்று நினைத்து இரண்டு மாதம் என் கையால் சோறு தின்றிருக்கிறார். நான் உங்களைச் சந்தேகப்பட்டேன், யோவானைச் சந்தேகப்பட்டேன். வீட்டுக்குள் ஒரு மனிதன் என்னைச் சந்தேகப்படுகிறான் என்று எனக்குத் தெரியவே இல்லை. போனிலேயே அழுது அழுது எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் அழுதார். இதையும் மெசின் எண்ணியிருக்கும்.

அதற்குப் பிறகு உங்கள் விஷயத்தை ஒரு நாள் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கே கருங்கலுக்கு வந்தேன். கூட்டம் கூடின நேரம் பார்த்து, அதே இடத்தில், கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றேன். "தாணுலிங்கம் அண்ணன் கள்ளன் இல்ல, கேட்டியளா? ஒரு சொட்டு டீசல் அவரு எடுக்கல்ல. நான்தான் விவரங்கெட்டுப் பேசினேன்" என்றேன். "பின்ன ஆரு எடுத்தா?" என்று ஒருத்தன் கேட்டான். "ஆரும் எடுக்கல்ல, எல்லாம் எனக்க மிஸ்டு காலுக்க வேல" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. டீக்கடைக்காரனுக்குக் கேட்கும்படி இரண்டாம் தடவையும் சொன்னேன்.

நீங்கள் அங்கே இல்லை. செல்லத்தாய் அக்கா தேங்காய் விற்கிற இடத்தில் நின்றிருந்தாள். வந்து பையை நீட்டினாள். சாளை மீன் போட்டுக் கொடுத்தேன்.

யோவானிடமிருந்து சாவியை ஞானதாசன் சார் நேற்று வாங்கிவிட்டார். உங்களிடம் வந்து சேர்ந்ததா?

விக்டோரியா

&nbsp;

கருங்கல்
13.3.2010

அன்புள்ள விக்டோரியாவுக்கு,

சாவி வந்து சேர்ந்தது. சாளையும் வந்து சேர்ந்தது. நீ கூடை மேல் ஏறி நின்றதைச் செல்லத்தாய் சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. டீக்கடைக்காரன் நேற்று நான் கேட்காமலே எழுந்து நின்று டீ கொடுத்தான். எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்தை எழுத வேண்டிய அவசியம் இல்லை. மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு நோட்டு ஞாபகம் இருக்கும்.

டவர் பெட்டியில் மூன்று பச்சை விளக்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே அது எந்தப் பக்கத்துக்கு என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். மூன்றாவது விளக்கு கடல். ஜிஷா வந்துபோன மறுநாளிலிருந்து அந்த விளக்கு சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அணைந்தது, இரண்டு மணிக்கு எரிந்தது. நான் பார்த்தேன். தினமும் பார்த்தேன். தினமும் என் சொந்த நோட்டில் எழுதினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவை, இரண்டு வருடத்துக்கு முன், பெட்டியில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ஞானதாசனிடம் சொன்னபோது, "பெட்டிக்குள்ள பாக்கது உமக்க வேல இல்ல. தொட்டீரா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்குப் பயம். சொன்னால் நீதான் திருகினாய் என்பார்கள், வேலை போகும். நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தால் நான் தொடவில்லை என்று காட்ட நோட்டு இருக்கட்டும் என்று எழுதி வைத்தேன். உன் மாப்பிள்ளை கடலில் இருப்பது எனக்குத் தெரியாதா? டவர் மேட்டிலிருந்து பார்த்தால் வள்ளங்கள் தெரியும். ஐந்தாம் தேதியும் விளக்கு அணைந்ததைப் பார்த்தேன், நேரத்தை எழுதினேன், சோறு தின்னப் போனேன்.

டீசல் எடுக்கவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் இத்தனை கடிதம் எழுதினேன். அது உண்மைதான். ஆனால் இந்த நோட்டை வீட்டில் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு உன்னைச் சந்தையில் கூடை மேல் ஏற்றிவிட்டேன். ஜிஷாவிடம் போ என்று உன்னை அனுப்பியதும் என் வாயால் சொல்லாமல் தப்பிக்கத்தான்.

நீ இனி என்ன செய்தாலும் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

தாணுலிங்கம்

&nbsp;

இனயம்
17.3.2010

தாணுலிங்கம் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் நான் படித்தேன். பிறகு அவருக்கு வாசித்துக் காட்டினேன். மறைக்கலாமா என்று ஒரு நேரம் நினைத்தது உண்மை. இந்த வீட்டில் இனி மறைப்பு வேண்டாம் என்று வாசித்துவிட்டேன்.

அவர் வலை கட்டிக்கொண்டிருந்தார். வாசித்து முடித்த பிறகும் கட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தக் கையை விரித்துத் தழும்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அவர வரச் சொல்லு. அந்த நோட்டையும் கொண்டு வரச் சொல்லு. அஞ்சாம் தேதியில என்ன எழுதி வச்சிருக்காருன்னு எனக்க முன்னால இருந்து வாசிக்கட்டு. நான் கேக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறக்குவதில்லை. பூசை முடிந்து பத்து மணிக்கு வீட்டில் இருப்போம். செல்லத்தாய் அக்காவையும் கூட்டி வாருங்கள், மீன் கறி வைக்கிறேன். என் கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நீங்கள் வாசித்த பிறகு பார்க்கலாம்.

வரவில்லை என்றால் அடுத்த சந்தைக்கு நான் வருவேன். என் குரல் உங்களுக்குத் தெரியும்.

விக்டோரியா